டாலாவில் முயல் திரும்பி வரும் வழி

யாங்கோனுக்கு நான் சென்றது ஒரு திருமணத்திற்காக, வேட்டைக்காக அன்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊர் திரும்பிய சில நாட்களிலேயே, கோவில்பட்டியில் இதைப் பற்றி வேறுவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று என் காதுக்கு வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். எங்கள் வட்டாரத்து நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவராகவும் இருக்கிறேன். முயல் வேட்டை நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்று எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆகவே டாலாவில் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவதுதான் முறை.

என் சித்தப்பா துறைமுக வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன் வேலுச்சாமி, அந்நகரின் லான்மடாவ் பகுதியில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய மூத்த மகளுக்குத் திருமணம். குடும்பத்தில் எஞ்சியிருக்கும் மூத்தவன் நான்தான் என்பதால், நான் வந்து ஆசி கூறாமல் தாலி கட்டுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தான். மறுப்பது அழகன்று.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் வேலுவும் அவனுடைய இளைய மகள் நீலாவும் காத்திருந்தார்கள். வேலு வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட லோன்ஜியும் அணிந்திருந்தான். அதை நம் ஊரில் கைலி என்று சொல்லி வீட்டுக்குள் மட்டும் உடுத்துவோம். அங்கே அதுதான் மாப்பிள்ளையின் உடையும் மந்திரியின் உடையும். நீலாவின் கன்னங்களில் சந்தனம்போல் தனாக்கா பூசியிருந்தது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "பெரியப்பா, பாதை சுகமா?" என்றாள். அந்தத் தமிழில் பழைய கடிதங்களின் வாடை இருந்தது. அடுத்த வாக்கியத்தைப் பர்மிய மொழியில் தன் தந்தையிடம் சொல்லி முடித்தாள்.

காரில் என்னை முன்னால், இடப்பக்க இருக்கையில் அமர்த்தினார்கள். அது மரியாதை என்று எண்ணினேன். வேலை கொடுப்பதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. முன்னே செல்லும் பேருந்தைக் கடக்க வேண்டுமானால் ஓட்டுபவருக்கு எதிரே எதுவும் தெரியாது. "அண்ணே, எதிர்ல ஏதும் வருதா பாருங்க" என்று வேலு கேட்டுக்கொண்டே வந்தான். வரவில்லை என்று நான் சொன்ன இரண்டு முறையும் வந்தது. மூன்றாவது முறை அவன் என்னைக் கேட்கவில்லை.

அவர்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. ஒவ்வொரு வீட்டின் பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்குகிறது. கீழே நிற்பவர் அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கயிற்றின் நுனியிலுள்ள கவ்வியில் செய்தித்தாளோ காய்கறிப் பையோ மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவுக்கும் இந்த ஏற்பாடு வந்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணியபடி இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றேன். அப்போதுதான் மேலிருந்து அந்தக் குரல் வந்தது. குரைப்பு என்று அதைச் சொல்ல முடியாது. நீட்டி முழக்கி மூன்று தொண்டைகள் ஒன்றாக ஓதின. இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. ஓர் அம்மாள் வேலுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவை மூன்று பீகிள் நாய்கள். நாட்டை விட்டுப் புறப்பட்ட வெளிநாட்டுக் கம்பெனி அதிகாரி ஒருவர் ஒரு ஜோடியை வேலுவிடம் ஒப்படைத்துச் சென்றாராம். பெட்டை நாய்க்குச் சுருதி என்று பெயர் வைத்திருந்தான், ஆணுக்குக் காளு. மூன்றாவது அவற்றின் குட்டி. தொங்கும் காது, குட்டைக் கால், கலங்கிய கண். அந்த அதிகாரி முயல் வேட்டை முறையையும் வேலுவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார் என்று கேட்டபோது நான் புன்னகை செய்தேன். எங்கள் சிப்பிப்பாறை நாய்களின் முழங்கால் உயரம்கூட இல்லாத உருப்படிகள் அவை.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் மொஹிங்கா சாப்பிட்டோம். மீனும் வாழைத்தண்டும் சேர்ந்து வெந்த கெட்டியான குழம்பில் அரிசி நூடுல்ஸ். மேலே எலுமிச்சையும் பொரித்த பருப்பு வடையும். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டேன். சென்னைக் கடற்கரையில் பர்மா அத்தோ என்று நூடுல்ஸைக் கலந்து தட்டில் போடுவதை இவர்கள் பார்த்தால் உறவு கொண்டாடுவார்களா என்பது சந்தேகமே. பக்கத்து மேசையில் இருந்த கண்ணியமான தோற்றமுள்ள ஒருவர், உதட்டைக் குவித்து முத்தமிடும் ஓசை எழுப்பினார். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கடைப் பணியாளரை அழைக்கும் முறை அதுவாம். என்னையும் முயலச் சொல்லி நீலா வற்புறுத்தினாள். நான் கையைத்தான் உயர்த்தினேன். தேநீர் தாமதமாகவே வந்தது.

திருமணம் அன்றே கோயிலில் நடந்தது. நாதஸ்வரம், மாவிலைத் தோரணம், மணமகள் தலையில் தாழம்பூ எல்லாம் நம் ஊரைப்போலவே. நான் இருபது நிமிடம் ஆசியுரை வழங்கினேன். இளையவர்களுக்காக நீலா அதைப் பர்மிய மொழியில் இரண்டு நிமிடத்தில் சொன்னாள். நான் வேடிக்கையாக ஒன்றும் சொல்லாத இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தியில்தான் நாய்ப் பேச்சு வந்தது. என் சங்கப் பதவியை வேலு பெருமையாகச் சொல்லிவைத்திருந்தான். பீகிள் பற்றி என்ன கருதுகிறேன் என்று ஒரு பெரியவர் கேட்டார். அது சோபாவில் படுக்கும் நாய் என்றேன். இலைவரிசை முழுவதும் சிரித்தது. வேலு மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டே அப்பால் நகர்ந்தான்.

விஷயத்தை நீலாதான் பிறகு எனக்குச் சொன்னாள். நாய்களின் ஓலம் பொறுக்காமல், மாத முடிவுக்குள் அவை வெளியேற வேண்டும் என்று கட்டடத்தில் குடியிருப்போர் கூடி முடிவெடுத்திருந்தார்கள். ஆற்றுக்கு அப்பால் டாலாவில் ஊ ஒன் மாங் என்ற விவசாயி வேலுவின் கடையில் கயிறு வாங்குகிறவர். நெல் அறுவடை முடிந்த வயலில் அவரைப் பயிர் போட்டிருந்தார்; முயல்கள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நாய்கள் முயலை வளைத்துக் கொடுத்தால் மூன்றையும் தம் நிலத்திலேயே வைத்துக்கொள்வதாகவும், வேலு ஞாயிறுதோறும் வரலாம் என்றும் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மூன்றும் மாண்டலே பக்கம் மூன்று வீடுகளுக்குப் பிரிந்து போகும், பேசியாகிவிட்டது. நாளைக் காலைதான் சோதனை. "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல பெரியப்பா" என்றாள் நீலா. இலையில் நான் சொன்ன வாக்கியம் அப்போது எனக்குச் செரிக்கவில்லை.

ஊ ஒன் மாங் தம் நிலத்தில் உயிர் எடுப்பதில்லை என்று விரதம் கொண்டவர். முயலை வலையில் உயிரோடு பிடித்து, ஓடைக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இதை உறுதி செய்துகொண்ட பின்னரே, பார்வையாளனாக வர நான் சம்மதித்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் புறப்பட்டோம். பெரிய படகில் நாய்களை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மோட்டார் பொருத்திய சம்பான் படகு ஒன்றில் ஏறினோம். ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது. மேலே கடற்பறவைகள் வட்டமிட்டன. காளு என் மடியில் தலை வைத்துக்கொண்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் விலக்கவும் இல்லை.

டாலா படித்துறையில் சைக்கா பிடித்தோம். மிதிவண்டியின் பக்கத்தில் ஒட்டிய இரட்டை இருக்கை அது. ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் முதுகோடு முதுகு சாய்ந்து அமர வேண்டும். எனக்குப் பின்னோக்கிய இருக்கை கிடைத்தது. வந்த வழியையே பார்த்துக்கொண்டு, மூங்கில் வீடுகள், வாத்துக் கூட்டம், காவியுடைத் துறவிகளின் வரிசை எல்லாம் என்னிடமிருந்து விலகிச் செல்ல, ஒரு பேராசிரியர் டாலாவுக்குள் பின்புறமாக நுழைந்தார். ஒரு திருப்பத்தில் குட்டி நாய் வாத்துகளைக் கண்டு குதித்துவிட்டது. அதன் கயிறு என் கையில் இருந்ததால் நானும் ஏறக்குறைய குதித்தேன். சைக்காக்காரர் இறங்கிச் சிரித்து முடித்த பிறகே வண்டியை மிதித்தார்.

ஊ ஒன் மாங் ஒல்லியான மனிதர். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார். நான் கல்லூரி ஆசிரியர் என்று அறிந்ததும் கைகளைக் குவித்து "சயாஜீ" என்றார். பேராசான் என்று பொருள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. கால்மேடை போட்டு உயர்த்திய தம் வீட்டில் எங்களுக்கு ஊறவைத்த தேயிலையும் வறுத்த பூண்டும் கலந்த லபேவை ஒரு தட்டில் வைத்தார்.

அவருடைய வயலுக்கும் ஓடைக்கும் நடுவே நாணல் அடர்ந்த சதுப்பு. ஒரு விளக்கம் தருவது என் கடமை. சதுப்பு முயல் என்று நூல்கள் குறிப்பிடும் இனம் அமெரிக்காவுக்கு உரியது. இங்கே இருப்பது பர்மிய முயல். ஆனால் அதைப்போலவே நாணலுக்குள் பதுங்கவும், தேவைப்பட்டால் நீந்தவும் பழகிக்கொண்டிருக்கிறது. எந்த வரப்போரத்தில் ஒரு முயல் தினமும் படுத்துக் கிடக்கிறது என்பது ஊ ஒன் மாங்குக்குத் தெரியும். அந்த வரப்பின் இடைவெளியில் வலையைத் தரையோடு தளர்வாக விரித்து, அதன் கயிற்றை என் கையில் கொடுத்தான் வேலு.

"அண்ணே, நீங்க இங்கயே நில்லுங்க. முயல் போகட்டும், நாய் போகட்டும், நீங்க அசையாதீங்க. எங்க சுத்தினாலும் எழும்பின எடத்துக்கே அது திரும்பி வரும். அசையாத ஆளு அது கண்ணுக்கு மரம் மாதிரி. வலைக்குள்ள வந்ததும் கயித்த இழுங்க, போதும்."

முதியவனுக்கு நிற்கும் வேலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குச் சற்று உறைத்தது. ஆனாலும் மறுகையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

சுருதி வரப்பை முகர்ந்துகொண்டு வந்தது. திடீரென்று தலையை உயர்த்தி நீளமாக ஒரு குரல் கொடுத்தது. என் காலடியிலிருந்து பத்தடியில் முயல் எழும்பியது. இடப்பக்கமாகத் திரும்பி, இரண்டே தாவலில் நாணலுக்குள் மறைந்தது. என் கண்ணால் பார்த்தேன். நாய்களோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை! முயல் முன்பு எழும்பிய இடத்தையும் படுத்த இடத்தையும் முகர்ந்து, மூக்கைத் தரையில் தேய்த்து, ஒன்றுக்கொன்று ஓதிக்கொண்டு, நத்தை வேகத்தில் நகர்ந்தன.

எங்கள் ஊர் நாய் கண்ணால் வேட்டையாடும். முயல் எழும்பினால் சத்தமின்றிப் பாயும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பின்னால் ஓடும் மனிதன் கத்திக்கொண்டே ஓட வேண்டும்; இல்லாவிட்டால் நாய் தின்றது போகக் கையில் கிடைப்பது தோல் மட்டுமே. அந்த ஓட்டத்தைப் பார்த்தே வளர்ந்த கால்கள் என்னுடையவை. இந்த நாய்கள் முயலைத் தவறவிட்டன. வேலுவின் மூன்று நாய்களும் மாண்டலேக்குப் போகப் போகின்றன. முயல் போன திசை எனக்கு மட்டுமே தெரியும். இவ்வளவுதான் என் மனத்தில் ஓடியது. கயிற்றைப் போட்டேன். குடையை உயர்த்தினேன். "இந்தா, இந்தா, இங்கே!" என்று முழங்கிக்கொண்டு நாணலுக்குள் ஓடினேன்.

ஐம்பதடி சென்றிருப்பேன். சேறு முழங்கால்வரை விழுங்கியது. லான்மடாவ் சந்தையில் முந்தைய நாள் வாங்கிய புதுக் காலணிகளில் ஒன்று சேற்றோடு தங்கிவிட்டது. நான் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, முயல் பெரிய வட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு, வேலு சொன்ன அதே வரப்புக்கு, தளர்ந்து கிடந்த வலையின்மேல், ஆளில்லாத இடைவெளி வழியே நிதானமாகத் திரும்பிப் போயிற்று. தடத்தைப் பிடித்து வந்த நாய்கள் என் காலடிகள் குறுக்கிட்ட இடத்தில் மணத்தை இழந்தன. என்னைச் சுற்றி மூன்று முறை முகர்ந்தன. பிறகு என்னைச் சுற்றி உட்கார்ந்து, வானத்தை நோக்கி முகத்தைத் தூக்கி ஓதின.

வயலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஊ ஒன் மாங்குக்குத் தெரிந்தது இவ்வளவே: முயல் தப்பியது, நாய்கள் ஒரு மனிதரைச் சுற்றி உட்கார்ந்து கத்துகின்றன. அவர் சுருட்டை எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். நீலா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். முயலுக்கும் ஆசிரியருக்கும் வேறுபாடு தெரியாத நாய்க்கு எதற்குச் சோறு என்கிறாராம்.

வேலு அருகே வந்தான். அவன் கீழே பார்த்தான். முயலின் தடத்தின்மேல் என் காலணித் தடம் அச்சுப்போல் பதிந்திருந்தது. அதை அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். குனிந்து சுருதியின் கழுத்தில் கயிற்றை மாட்டத் தொடங்கினான்.

அப்போது ஊ ஒன் மாங் என்னை நோக்கிக் கேட்டார்.

"பெரியப்பா, அவர் கேக்கறார்" என்றாள் நீலா. "நாய் பத்தி படிச்சவர் நீங்க. இது ஆகாது தானே? நீங்க சொன்னா அவருக்குச் சரியாம்."

நான் தலையை அசைத்தால் போதும், சொல்லக்கூட வேண்டியதில்லை. பந்தியில் நான் உதிர்த்த கருத்தும் மெய்யாகிவிடும். சங்கத் தலைவரின் மதிப்பும் காப்பாற்றப்படும். என் தம்பி வாய் திறக்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். ஒற்றைக் காலணியோடு சேற்றில் நின்றுகொண்டு, முப்பத்து நான்கு ஆண்டுகளில் எந்த வகுப்பிலும் சொல்லியிராத ஒன்றை எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன்.

"நாய்களிடம் குற்றம் இல்லை" என்றேன். "நிற்கச் சொன்ன இடத்தில் நான் நிற்கவில்லை. தடத்தின்மேல் ஓடி மணத்தைக் கெடுத்தவன் நான். முயல் வலைக்குத்தான் வந்தது. கயிற்றைப் பிடிக்க ஆளில்லை."

"அப்படியே சொல்லவா பெரியப்பா?"

"ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்."

அவள் குறைக்கவில்லை, என் பேச்சின் நீளத்துக்கு இணையாகவே அவள் பேச்சும் இருந்தது. ஊ ஒன் மாங் வரப்புக்கு நடந்தார். தளர்ந்து கிடந்த வலையைப் பார்த்தார். அதன்மேல் பதிந்த முயல் தடத்தைப் பார்த்தார். நாணல்வரை சென்ற என் காலடிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, என்னிடம் வந்து நின்று, சேற்றுக்குள் கையை விட்டு என் காலணியை எடுத்துக் கொடுத்தார். சயாஜீயின் ஓட்டத்தில் குறையில்லை, முயலைவிட அதிகமாகச் சேற்றைக் கிளப்பியவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு வேலுவின் கையிலிருந்த நாய்க் கயிற்றைச் சுட்டி, இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார்.

வேலு வலைக் கயிற்றை வேறு யாரிடமாவது கொடுப்பான் என்று எண்ணினேன். என்னிடமே கொடுத்தான்.

இம்முறை நின்றேன். வரப்புக்கு அந்தப் பக்கம் சுருதி தடத்தைக் கண்டு குரல் கொடுத்தது. காளு அதை வாங்கிப் பாடியது. குட்டி இடையிடையே கீச்சிட்டது. ஓசை நாணலுக்குள் விலகி விலகி, ஓடைப் பக்கம் நூலாக மெலிந்து, முற்றிலும் நின்றுவிட்டது. என் புறங்கையில் கொசு ஒன்று நிதானமாக உண்டது. போய்விட்டது, இதோடு முடிந்தது என்று என் கால்கள் சொல்லின. நான் கேட்கவில்லை. பிறகு, வலப்பக்கத்தில், மிகத் தொலைவில், சுருதி. அது வளைந்துகொண்டிருந்தது. பார்க்காமலே அந்த வட்டத்தைக் காதால் வரைய முடிந்தது. எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஓர் இன்பம் கிடைக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

நாய்களுக்கு வெகு முன்னால் முயல் வந்தது. ஓடி வரவில்லை, நாலு தாவல், ஒரு நிறுத்தம் என்று யோசித்து யோசித்து வந்தது. மூன்று முழத் தொலைவில் நின்று, நனைந்த காதுகளை உயர்த்தி, என்னை நேராகப் பார்த்தது. நான் மரமாக இருந்தேன். அது வலைக்குள் தாவியது. இழுத்தேன்.

வேலு ஓடி வந்து சாக்கை விரித்து அதை அமுக்கியபோது நான் இன்னும் கயிற்றை விடவில்லை. விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஊ ஒன் மாங் முயலை மூங்கில் கூடையில் இட்டு அக்கரைக்கு அனுப்பினார். தீர்ப்பு என்று எதையும் அறிவிக்கவில்லை. மூன்று நாய்களையும் நடத்திச் சென்று தம் வீட்டின் கீழே கட்டவிழ்த்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி மூன்று சட்டிகளில் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் பிசைந்து எடுத்து வந்தார். வேலு முகம் கழுவக் குளத்துக்குப் போனான். வெகுநேரம் கழுவினான்.

மதியம் எங்களுக்கும் அங்கேயே உணவு. எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு, புளிச்சக்கீரை, நாசியில் ஏறும் மீன் சாந்து. தம் அண்டை அயலாரிடம் என் ஓட்டத்தை ஊ ஒன் மாங் நடித்துக் காட்டினார். குடைக்குப் பதிலாகக் கரண்டி. நடிப்பு துல்லியமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடல் ஏற்றம் வந்து ஓடையில் நீர் நிறைந்ததால், மாலையில் சம்பான் வீட்டுக் கரைக்கே வந்துவிட்டது. வேலு மூன்று வெற்றுக் கழுத்துக் கயிறுகளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கரையைத் திரும்பிப் பாராமல் உட்கார்ந்தான். படகு நாணலைத் தாண்டியபோது, மோட்டாரின் இரைச்சலுக்கு நடுவே ஒரு நீண்ட குரல் கேட்டது. வேலு தலையை உயர்த்தினான். நான் நீலாவிடம் சொல்லி மோட்டாரை நிறுத்தச் செய்தேன்.

சுருதி தானாகவே இன்னொரு முயலை எழுப்பியிருந்தது. காளுவும் சேர்ந்துகொண்டது. ஓசை வயலுக்கு அப்பால் விலகி மெலிந்தது. படகு நீரோட்டத்தில் மெல்ல ஆடியபடி நின்றது. இருவரும் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம். படகோட்டி பொறுமையிழந்து, எல்லாம் முடிந்துவிட்டதே, புறப்படலாமா என்று நீலாவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லம்மா" என்றேன். "அது இன்னும் திரும்பி வரவில்லை."